மில்ட்ரிட்டின் இரண்டாம் கொதி

அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த எல்லாத் தலைகளையும் மில்ட்ரிட்டுக்குத் தெரியும். யாருக்குச் சுழி எந்தப் பக்கம், யாருக்கு உச்சியில் முடி கொட்டத் தொடங்கிவிட்டது, எந்த வீட்டு அம்மா சாயம் பூசுவதைப் புருஷனுக்கே சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் அவள் விரல்களுக்கு மனப்பாடம். பெர்கன் நகரில் முடிதிருத்தக் கற்று, அங்கேயே ஒரு கடையில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, அந்த ஊர் மழை பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தவள். இங்கேயும் மழைதான். கேட்டால், "இது எனக்குத் தெரிஞ்ச மழை" என்பாள்.

திரும்பி வந்தவளுக்கு அக்கா கூட்வைக் வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, வெந்நீருக்கு ஒரு கெட்டில். அதுவே கடையானது. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்து வெகு காலமாகிவிட்டது. செம்மறிகள், விறகு, டிராக்டர், பீர் இவையெல்லாம் கூட்வைக்கின் பொறுப்பு. சமையலும் சம்பாத்தியமும் மில்ட்ரிட்டுடையவை. அக்கா பேசுகிறவள் இல்லை. தங்கைக்கோ கத்தரி ஓடினால் வாயும் ஓட வேண்டும்.

மலைச்சரிவில் செம்மறிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, செப்டம்பர் மாதத்தில், கூட்வைக் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். கல்லில் சாய்ந்தபடி இருந்தாளாம். நாய் பக்கத்திலேயே படுத்திருந்தது.

ஆற்றின் இரு கரைகளிலுமாக அங்கே ஏழெட்டு வீடுகள். செப்பு அண்டா வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் பீர் காய்ச்சும். பண்டிகை முடிந்து ஒருநாள் பிற்பகலில் காய்ச்சியவர்கள் மட்டும் சேர்ந்து வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மரக்கிண்ணத்தில் பீர் சுற்றி வரும். குடித்தவர்கள் குறை சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். போன வருடத்தைவிட மோசம் என்பார்கள், தண்ணீர் என்பார்கள், இதைக் குடித்தால் ஆடுகூடச் சினைப்படாது என்பார்கள். வீட்டுக்காரரும் விடாமல் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சண்டை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு மரியாதை. காய்ச்சாத வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள்.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் பெண்கள் மில்ட்ரிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் நீ எதுக்கும் அலட்டிக்காத, கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு வந்துடு" என்றார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அந்தக் கைகள் ஒவ்வொன்றிலும் அவள் வேறொன்றையும் உணர்ந்தாள். இனி தன் வீடு பீர் குடிக்கப் போகிற வீடு இல்லை, பரிதாபப்பட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய வீடு. அன்றே முடிவு செய்துவிட்டாள். டிசம்பரில் அவர்கள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வரவேண்டும். துக்கம் விசாரிக்க இல்லை, குறை சொல்ல வரவேண்டும்.

ஒரே ஒரு சங்கடம். அடுப்புக் கொட்டகையின் செப்பு அண்டாவுக்குள் அவள் எட்டிப் பார்த்ததே கிடையாது. கூட்வைக் விட்டதில்லை. "ஊர் முடியெல்லாம் ஒன் துணியிலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. தள்ளி நில்லு" என்பாள். மில்ட்ரிட்டின் வேலை தண்ணீர் சுமப்பது, தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுவது, மேய்ச்சல் மேட்டிலிருந்து ஜூனிப்பர் முட்புதரின் கிளைகளை வெட்டி வந்து கொட்டகை வாசலில் வைப்பது. வைத்ததும் கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே இருந்து புகையும், கொஞ்ச நேரத்தில் மால்ட் எனப்படும் முளைப்பார்லியின் இனிப்பு வாசனையும் வரும்.

என்றாலும் விவரம் இல்லாதவள் அல்ல. முளைகட்டிய பார்லியை எவ்வளவு சூட்டில் ஊறவைப்பது, எத்தனை நேரம் கொதிக்க விடுவது என்பதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த ஆண்கள் வருடக்கணக்காகப் பேசிப் பேசிக் காதில் ஏறியிருந்தது. டிசம்பர் முதல் சனிக்கிழமை விடியலிலேயே அடுப்பு மூட்டினாள். தலையில் இறுக்கமாகத் துணி கட்டிக்கொண்டாள். அதை மட்டும் அக்காவுக்காகச் செய்தாள். பார்லி ஊறிய தொட்டிக்கு அடியில் பலகைச் சல்லடை இருந்ததால் சாறு தடையில்லாமல் இறங்கியது. அதை அண்டாவில் ஊற்றி, கசப்புக்காக ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்க விட்டாள். கொட்டகையின் வாசனை அவளுக்குப் பழக்கமான வாசனையாக மாறியபோது, சரியாகத்தான் செய்கிறோம் என்று தைரியம் வந்தது.

கொதித்து முடிந்த சாற்றை அண்டாவின் அடிக்குழாய் வழியாகப் பக்கத்துத் தொட்டிக்கு இறக்க வேண்டும். அதில் பூவின் இதழ்களும், ஜூனிப்பர் முட்களும், திரிந்த பாலைப்போல் கட்டி கட்டியாகத் திரண்ட மண்டியும் கிடக்கும். அவை தொட்டிக்குப் போனால் பீர் தொண்டையைக் கீறும். அதற்காகத்தான் குழாயின் உள்வாய்க்கு முன்னால் ஜூனிப்பர் கட்டு ஒன்றை வைத்து மேலே கல் ஏற்றுவது. மில்ட்ரிட்டும் காலையிலேயே கிளைகளைத் துடைப்பம்போல் கட்டி, துடைப்பத்தின் விரிந்த நுனி குழாயைப் பார்த்திருக்கும்படி வைத்திருந்தாள்.

குழாயைத் திறந்தாள். சிவந்த சாறு ஓர் ஒழுக்காக வந்தது. அவள் சிரிப்பதற்குள் அது நூலாக மெலிந்தது. பிறகு சொட்டியது. பிறகு பழுப்பு நிறக் கூழ் ஒரு துளி எட்டிப் பார்த்துக் குழாய் நுனியிலேயே தொங்கி நின்றது.

கம்பியை உள்ளே விட்டுக் குத்தினாள். கொதிசாறு பீச்சியடித்து மணிக்கட்டு வெந்தது. ரப்பர் குழாயைச் செருகி ஊதிப் பார்த்தாள். உள்ளே குமிழி விடும் சத்தம் கேட்டது, கொஞ்சம் ஓடியது, மறுபடி நின்றது. தொட்டிக்குள் விழுந்திருந்ததைக் கரண்டியால் கலக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மண்டிதான்.

அந்த நேரத்தில்தான் ஆன்ஃபின் வந்தான். ஆற்றுக்கு அக்கரை வீட்டுக்காரன், அறுபதைத் தாண்டியவன். பண்டிகைக்கு முன் முடிவெட்டிக்கொள்ள அன்றைக்கு நேரம் கேட்டிருந்தான். மில்ட்ரிட் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். முன்னறையில் ஆளில்லாததைப் பார்த்துவிட்டுப் புகை வந்த பக்கமாக வந்து, குனிந்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏய் மில்ட்ரிட்! கடைய மூடிட்டியா? இந்தத் தலைய நான் எங்க கொண்டுபோய்க் குடுக்கறது?"

"பீப்பாய்க்குள்ள குடு. எனக்கு இப்ப நேரமில்ல."

அவன் உள்ளே வந்து குழாயைப் பார்த்தான். "அடைச்சுக்கிச்சா?"

"இல்ல. ஒன்னப் பாத்து வெக்கப்படுது."

ஆன்ஃபின் சிரித்தான். சிரித்துக்கொண்டே குழாய்ப் பிடியை நோக்கிக் கையை நீட்டினான். மில்ட்ரிட் கரண்டியால் அவன் புறங்கையில் ஒரு போடு போட்டாள்.

"யோவ்! கைய எடு."

"ஒதவிதானேம்மா செய்ய வந்தேன்."

"நீ தொறந்தா ஒன் பீரு. தெரியாத மாதிரி நடிக்காத."

அது உண்மைதான். குழாயைத் திறந்த கை யாருடையதோ அவர் பேரில்தான் பீர் என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆன்ஃபின் கையைத் தேய்த்துக்கொண்டே விறகு பிளக்கும் மரமுட்டின்மேல் உட்கார்ந்தான்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்றான். "எங்கிட்ட இந்த வருஷம் ரெண்டு பீப்பாய் இருக்கு. ஒண்ணக் கொண்டாந்து ஒன் நெலவறையில எறக்கிடறேன். நீ ஒன் பீப்பாய்ல ஊத்திக்க. யாரு கேக்கப்போறா?"

"ஹால்ட்டர் மொத வாய்லயே கண்டுபிடிச்சிருவான்." பீர் காய்ச்சுகிறவர்களில் நாக்குக் கூர்மையானவன் அவன்.

"கண்டுபிடிச்சாலும் வாயத் தொறக்கமாட்டான். ஒங்கக்கா தவறிப்போன வருஷம் இது. அவனுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அந்த மனசுதான் எனக்கு வேணாம்," என்றாள் மில்ட்ரிட்.



அவள் பால் கேன்களை இழுத்து வந்து வரிசையாக வைத்தாள். வாளியால் அண்டாவிலிருந்து சாற்றை மொண்டு கேன்களில் ஊற்றத் தொடங்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. வெந்த மணிக்கட்டு காந்தியது. ஆன்ஃபினால் சும்மா இருக்க முடியவில்லை.

"கேன்லயே தெளிய விட்டு அப்படியே தொட்டியில ஊத்திரலாமே?"

"கீழ தங்கறது தங்கும். மேல மெதக்கறத என்ன பண்றது? அதோட இந்தக் கேன்ல பட்டத மறுபடி கொதிக்க விடாம ஈஸ்ட் போட்டா, கிறிஸ்துமஸுக்கு நாம காடிதான் குடிக்கணும்."

"மறுபடி கொதிக்க விடப்போறியா? முழுசையுமா?"

"பாதிய விட்டா மீதிய நீ குடிக்கிறியா?"

அண்டாவின் அடி தெரிந்ததும் கல்லை நகர்த்தி ஜூனிப்பர் கட்டை வெளியே எடுத்தாள். கனத்தது. கஞ்சிப் பானையில் முக்கி எடுத்த துடைப்பம்போல இருந்தது. நுனிப்பக்கம் முழுக்க மண்டி அப்பிக் கல்லாக இறுகியிருக்க, வெட்டிய காம்புப் பக்கம் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. அவள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாசலில் நின்று பார்த்தாள். வாசல் அருகே காலையில் மிஞ்சிய சிறு கிளை ஒன்று கிடந்தது. அதை எடுத்துக் காம்பிலிருந்து நுனி வரை உள்ளங்கையால் நீவினாள். முட்கள் படிந்துகொண்டன, கை வழுக்கிக்கொண்டு போனது. நுனியிலிருந்து காம்புக்கு நீவினாள். ஒவ்வொரு முள்ளும் விறைத்து எழுந்து கையைப் பிடித்துக்கொண்டது.

எதிர்த்திசையில் சீப்பு ஓட்டினால் முடி என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியாதா? கட்டைத் தலைகீழாக வைத்திருக்கிறாள். மண்டி முழுவதையும் வழித்து வழித்துக் குழாய் வாய்க்கே அனுப்பியிருக்கிறது அது. காம்புகள் குழாயைப் பார்த்திருக்க வேண்டும், நுனிகள் சாற்றுக்குள் விரிந்திருக்க வேண்டும். வருகிறதையெல்லாம் முட்கள் அங்கேயே நிறுத்தும்.

"சொல்லியிருக்கலாமேக்கா," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். கோபமாகத்தான் சொன்னாள். அடக்கம் முடிந்ததிலிருந்து அக்காமேல் அவளுக்கு வந்த முதல் கோபம் அது. உடம்பில் கொஞ்சம் சூடு ஏறியதுபோல் இருந்தது.

பழைய கட்டு இனி உதவாது. அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"மேட்டுக்கா போற? முழங்கால் பனி," என்றான் ஆன்ஃபின். "ரோட்டோரமே கெடக்கே எவ்வளவோ."

"ரோட்டுல பனி உருக உப்பு போட்டிருக்கான். ஹால்ட்டர் கதை மறந்துபோச்சா?"

ஆன்ஃபின் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். சில வருடங்களுக்கு முன் சோம்பல்பட்டுச் சாலையோரத்தில் கிளை வெட்டினான் ஹால்ட்டர். வண்டிகள் வாரி இறைத்த உப்பு கிளையெல்லாம் படிந்திருந்தது. அந்த வருடம் அவன் வீட்டு பீரில் மீன் ஊறப்போடலாம் என்றார்கள். இன்றும் அவன் பேரைச் சொன்னால் யாராவது ஒருவர் தண்ணீர் கேட்பார்.

மேய்ச்சல் மேட்டில் பனி பூட்ஸுக்குள் இறங்கியது. புதர்களை உதறி, நீளமும் வளைவும் உள்ள கிளைகளாகப் பார்த்து வெட்டினாள். வேண்டியதற்கு மேல் வெட்டினாள். இன்னொரு முறை தவறினால் இன்னொரு முறை ஏறி வரத் தயாராக இருந்தாள், ஆனால் இருட்டில் ஏற விருப்பமில்லை. அவள் இறங்கி வந்தபோது ஆன்ஃபின் பசு கறக்கப் போய்விட்டிருந்தான். அடுப்பருகே விறகு பிளந்து அடுக்கியிருந்தது. அண்டாவைத் தொட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. விறகு வெட்டினால் பீர் யாருக்கும் சொந்தமாவதில்லை.

அண்டாவைத் தேய்த்துக் கழுவினாள். புதுக்கட்டின் காம்புகளைக் குழாய் வாயோடு ஒட்ட வைத்து, நுனிகளை மேல்நோக்கி விசிறிபோல் விரித்து, கல்லை ஏற்றினாள். கேன்களின் அடி மண்டியை விட்டுவிட்டு சாற்றை மறுபடி ஊற்றினாள். நெருப்பை வளர்த்தாள். சாறு இரண்டாம் முறையாகக் கொதிக்கத் தொடங்கியபோது அதன் நிறம் கருத்துக்கொண்டே போனதைப் பார்த்தாள். ஹாப்ஸின் கசப்பும் ஏறிக்கொண்டிருக்கும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. அது தன் பீர் என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். இப்படி ஒன்றை அக்கா காய்ச்சியே இருக்கமாட்டாள்.

நெருப்பை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துவிட்டு, சாறு அசைவற்று அடங்கும்வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகே குழாயை, மிகக் கொஞ்சமாக, திருகினாள். முதலில் கலங்கலாகச் சிறிது வந்தது. அதைக் கிண்ணத்தில் பிடித்து அண்டாவிலேயே திருப்பி ஊற்றினாள். பிறகு வந்தது தெளிந்த சாறு. விளக்கை அருகில் கொண்டுபோனாள். ஒழுக்கின் ஊடே சுடர் தெரிந்தது. பென்சில் பருமனுக்கு மேல் அதை விடவில்லை அவள். ஆசைப்பட்டு அகலத் திறந்தால் மண்டியும் சேர்ந்து இழுபடும் என்று கை சொல்லிற்று. மரமுட்டின்மேல் உட்கார்ந்து, தொட்டி நிரம்பும்வரை எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். ஈரமான பூக்களும் முள்ளும் மண்டியும் ஜூனிப்பர் நுனிகளில் மெத்தைபோல் தங்கியிருந்தன.

சாறு ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். தூவும்போது கத்தவும் வேண்டும். கத்தாவிட்டால் ஈஸ்ட் சோம்பிவிடும், பீர் செத்த பீராகிவிடும் என்பார்கள். கூட்வைக் வருடம் முழுவதும் பேசாததையெல்லாம் அந்த ஒரு கத்தலில் சேர்த்து வைத்திருப்பாள். வீட்டு ஜன்னல்கள் அதிரும். மில்ட்ரிட் ஜாடியைக் கவிழ்த்துத் தூவிவிட்டு வாயைத் திறந்தாள். ஆட்டைக் கூப்பிடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது. கதவைத் திறந்துவைத்தாள். மூச்சை முட்ட இழுத்துக்கொண்டு மறுபடி கத்தினாள். எங்கே இருந்தது அவ்வளவு குரல் என்று தெரியவில்லை. செப்டம்பரில் அக்கா சாய்ந்திருந்த கல்லருகே போய் நின்றபோது வராத குரல், தேவாலயத்தில் வராத குரல். முடிந்தபோது கன்னம் நனைந்திருந்தது. அக்கரையில் நாய்கள் குரைத்து அடங்கின.

திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்த ஆசிரியை, "என்ன தொண்டை, சளியா?" என்று கேட்டாள்.

"ஈஸ்ட்," என்றாள் மில்ட்ரிட், கரகரத்த குரலில்.

பண்டிகை முடிந்தது. அந்தப் பிற்பகலும் வந்தது. அவள் உப்பிட்ட ஆட்டுத்தொடையை மெல்லியதாக அரிந்து தட்டில் அடுக்கினாள், தட்டை ரொட்டியை உடைத்து வைத்தாள், ஜன்னலருகே போனாள், திரும்பி வந்தாள், அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது பாலத்தின்மேல் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஆறேழு பேர். பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வழக்கமான கூச்சல் இல்லை. கூட்வைக் எப்போதும் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு நெருக்கிக்கொண்டார்கள். மில்ட்ரிட்டுக்கு அது பிடிக்கவில்லை.

மரக்கிண்ணத்தை நிரப்பி முதலில் ஆன்ஃபினிடம் கொடுத்தாள். அவன் குடித்தான். மீசையைத் துடைத்தான். தரையைப் பார்த்தபடி, "நல்லா இருக்கு மில்ட்ரிட்," என்றான்.

இதுதான், இதற்குத்தான் அவள் பயந்தாள். இதற்காகவா அந்த மேட்டில் ஏறினாள், இதற்காகவா கையை வேகவைத்துக்கொண்டாள்? அடுத்தவர் குடித்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார். அடுத்தவரும். கிண்ணம் ஹால்ட்டரிடம் வந்தது.

ஹால்ட்டர் ஒரு வாய் குடித்தான். நிறுத்தினான். கிண்ணத்தை விளக்குக்கு நேராகத் தூக்கி உள்ளே பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"நல்லா இருக்கா?" என்றான் ஆன்ஃபினைப் பார்த்து. "ஒன் நாக்கு செத்துப்போச்சா? இது என்ன நெறம்? படகுக்குத் தார் பூச வச்சிருந்தத எடுத்து ஊத்திட்டியா மில்ட்ரிட்?"

யாரோ ஹால்ட்டரின் காலை மிதித்தார்கள்.

"ஏன்யா மிதிக்கிற? கசப்பு மண்டைக்கு ஏறுது. இத எத்தன நாள் கொதிக்க விட்ட, கிறிஸ்துமஸுக்கா ஈஸ்டருக்கா?"

மில்ட்ரிட் நிமிர்ந்தாள். "கசக்குதா? உப்புக் கரிக்கலையே? அதுவரைக்கும் சந்தோஷப்படு."

யாரோ தண்ணீர் கேட்டார்கள். அறை வெடித்துச் சிரித்தது. ஹால்ட்டர் முகம் சிவந்து எழுந்து நின்றான். "அந்த உப்புத் தண்ணியவிட இது மோசம்ங்கறேன்! கூட்வைக்கோட பீரு தொண்டையில தேனா எறங்கும். இது ரம்பம் மாதிரி அறுத்துக்கிட்டுப் போகுது."

"அறுக்குதா? ஒரு முள்ளு காட்டு. ஒரே ஒரு பூவிதழு காட்டு. கண்ணாடித் தண்ணி மாதிரித் தெளிஞ்சிருக்கு, நல்லாப் பாரு! இங்க எவன் வீட்டுலயாவது இப்படித் தெளிஞ்சிருக்கா?"

"தெளிவு இருக்கு, ஒத்துக்கறேன். தெளிஞ்ச தாரு."

"கசப்பு கொஞ்சம் தூக்கல்தான்," என்றான் ஆன்ஃபின், தைரியம் வந்தவனாக.

மில்ட்ரிட் அவன் பக்கம் திரும்பினாள். "இப்பதானே நல்லா இருக்குன்ன? ரெட்டை நாக்கா ஒனக்கு? அடுத்த தடவ தலையோட வா, ஒரு காத எடுத்துர்றேன்."

"பாத்தியா, பாத்தியா, வாடிக்கையாளர மெரட்டுறா," என்று ஆன்ஃபின் மற்றவர்களிடம் முறையிட்டான்.

இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மால்ட் அதிகம் என்றான் ஒருவன், போதாது என்றான் இன்னொருவன். ஹாப்ஸைக் கடைசியில் போடவேண்டும் என்று ஒரு கட்சி, அப்படிப் போடுகிறவன் முட்டாள் என்று எதிர்க்கட்சி. கிண்ணம் காலியாகித் திரும்பி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், கையை வீசிப் பேச இடம் போதாமல், கூட்வைக்கின் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். மில்ட்ரிட் அதையும் பார்த்தாள்.

கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி நேராக ஹால்ட்டரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"இவ்வளவு மோசமா இருக்கே, இன்னொரு வாய் வேணாமா?"

"குடு," என்றான் ஹால்ட்டர். "எவ்வளவு மோசம்னு இன்னும் சரியாப் பிடிபடல."